திண்ணையும் வேலை செய்யும் இடம்தானே!

எங்கள் பக்கத்தில் வீட்டு வேலை முடிந்ததும் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்காரும் பெண்கள் நிறைய. என் மாமியாரும் முப்பது வருஷமாகச் சுற்றுகிறார். 2021-ல் கொரோனா தடுப்பூசி வந்தபோது, "எனக்கு வேண்டவே வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம்.

நடிகர் விவேக் எங்கள் சங்கரன்கோவில் பக்கம் பெருங்கோட்டூர்க்காரர். ஜனங்களுக்குத் தைரியம் வரட்டுமென்று அந்த ஏப்ரல் 15-ந் தேதி சென்னை ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டார். 17-ந் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். "நம்ம ஊர்ப் பிள்ளைக்கே இப்படி ஆயிட்டே" என்று தெருவே பயந்தது. ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசின் குழு ஆராய்ந்து சொன்னது அக்டோபரில்தான். அதை எங்கள் தெருவில் வந்து எடுத்துச் சொன்னவர் யாருமில்லை.

ஆனால் பயம் பாதிதான். மீதி, கூலி. ஊசி போட்டு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் பீடி ஏது, காசு ஏது? இதைக் கேட்காமல், "சொன்னா கேக்காத ஜனம்" என்று சலித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரே ஒரு நர்சம்மா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, "கடையில பீடி கொடுக்கிறது என்னைக்கும்மா?" என்று விசாரித்தார். "சனிக்கிழமை போட்டுக்குங்க. காய்ச்சல் வந்தாலும் ஞாயிறு ஓய்வு எடுத்துட்டு திங்கள் சுத்தலாம்" என்றார். அடுத்த சனிக்கிழமையே மாமியார் கிளம்பிவிட்டார்!

அரசாங்கமும் இப்படிக் காது கொடுத்ததுண்டு. 2021 செப்டம்பரில் பெரிய முகாம்களை ஞாயிறன்று தொடங்கினார்கள். ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது என்ற பேச்சால் பலர் வரவில்லை என்று தெரிந்ததும், அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்.

பெரிய தொழிற்சாலை டாக்டர்களுக்கென்று மூன்று மாதத் தொழில் சுகாதாரப் படிப்பே இருக்கிறது. 2024-ல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று ஆரம்பித்து, வேலை செய்யும் இடத்துக்கே போய் பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பீடி சுற்றும் பெண்ணுக்குத் திண்ணைதானே தொழிற்சாலை? அங்கே வரும் நர்சுகளுக்கும் அந்தப் படிப்பில் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தால் என்ன? புகையிலைத் தூசி இருமலையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவரும், குனிந்தே இருந்தால் முதுகு போகும் என்பதோடு, கூலி போகாமல் ஊசி போட எந்த நாள் தோது என்று கேட்கவும் பழக்க வேண்டும். கேள்விப்பட்ட வதந்தியை ஏளனம் செய்யாமல் கேட்டு, பதில் தெரிந்ததும் திரும்பி வந்து சொல்லவும் வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது சகோதரிகளே. இருமலுக்காக மாமியாரை ஒரு டாக்டரிடம் இரண்டு தடவை கூட்டிப்போனேன். என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை நானே சொன்னேன். அப்புறம்தான் புகையிலைத் தூசியைப் பற்றியே பேச்சு வந்தது. "வீட்டில் சும்மா இருக்காங்க" என்று இனி யாரும் எழுதி வைக்க விடாதீர்கள்.

— ஒரு வாசகி, மேலநீலிதநல்லூர்