ஜன்னலுக்கு என்ன வாடகை?

ஓர் அறையில் ஜன்னல் இருக்க வேண்டுமென்றால் மாதம் எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள்? தென்கொரியத் தலைநகர் சியோலில் ஒரு விடுதியில் அதற்குக் கணக்கு இருந்தது. ஜன்னல் இல்லாத அறைக்கு மாத வாடகை சுமார் 2,80,000 வொன். ஜன்னல் உள்ள அறைக்கு 3,20,000. வித்தியாசம், நம் பணத்தில் ஏறக்குறைய 2,500 ரூபாய்.

இத்தகைய விடுதிகளுக்கு 'கோஷிவோன்' என்று பெயர். 'கோஷி' என்றால் அரசுத் தேர்வு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தங்குவதற்காகத்தான் இவை முதலில் வந்தன. ஒரு கட்டிலும் ஒரு மேஜையும் போட்டால் அறை நிரம்பிவிடும். குளியலறை, சமையலறை எல்லாம் பெரும்பாலும் பொதுவில்தான். சியோலில் வீடு பிடிக்க அட்வான்ஸே பெருந்தொகை வேண்டும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. அதனால் நாளடைவில் தினக்கூலிகளும், குடும்பத்தைப் பிரிந்து வாழும் முதியவர்களும் குடியேறினார்கள்.

2018 நவம்பர் 9, விடியற்காலை சுமார் 5 மணி. ஜோங்னோ பகுதியில் இருந்த அந்த விடுதியின் மூன்றாவது தளத்தில், ஓர் அறையில் மின்சார ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. அங்கிருந்தவர் போர்வையால் அணைக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த அறை இருந்ததோ வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில்! உள்ளே இருந்தவர்களுக்குப் பாதை அடைபட்டது. ஜன்னல் அறைக்காரர்களில் சிலர் ஏ.சி. குழாயைப் பிடித்துக் கீழே இறங்கித் தப்பினார்கள். அன்று ஏழு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 50 வயதைத் தாண்டியவர்கள்.

தீயணைப்பு வண்டி சீக்கிரம் வந்தால் போதாதா என்று தோன்றும். ஒரே தளத்தை ஏறத்தாழ முப்பது அறைகளாகத் தடுத்தால், நடுவில் மிஞ்சுவது ஒடுங்கிய நடைவழி. புகை முதலில் அடைப்பது அதைத்தான். கண் தெரியாத புகையில் வீரர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டித் தேட வேண்டும். வெளியிலிருந்து ஏணி போடலாமென்றால், ஏணியைச் சாய்க்க ஜன்னல் வேண்டுமே!

தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர், 2009 முதல் கோஷிவோன்களுக்குக் கட்டாயம். ஆனால், இந்த விடுதி அதற்கு முன்பே தொடங்கியது என்பதால் விலக்கு. 2015-இல் நகராட்சியே தன் செலவில் பொருத்தித் தரும் திட்டம் வந்தது. விடுதி நடத்தியவர் விண்ணப்பித்தார். அதற்கு ஒரு நிபந்தனை, ஐந்து ஆண்டுகள் வாடகையை ஏற்றக் கூடாது. கட்டட உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்று பின்னர் செய்திகள் வந்தன. தவிர, ஆவணங்களில் இந்த இடம் 'இதர அலுவலகம்' என்றே பதிவாகியிருந்ததால், 2018-இல் நாடு முழுக்க நடந்த பாதுகாப்புச் சோதனையிலும் விடுபட்டுப்போனது.

அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள். பழைய விடுதிகளுக்கும் ஸ்பிரிங்ளர் கட்டாயமானது. 2022 ஜூலை முதல், சியோலில் புதிதாகக் கட்டும் கோஷிவோன்களில் ஒவ்வொரு அறைக்கும் வெளிப்புற ஜன்னல் இருந்தே ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட விடுதிகளையெல்லாம் மூடிவிடலாமே என்பது சுலபமான யோசனை. மூடினால் அங்கிருப்பவர்கள் தெருவுக்குத்தான் போக வேண்டும். குறைந்த வாடகைக்குச் சின்ன அறை, பொதுக் குளியலறை, சரி. ஆனால், உயிர் தப்பும் வழியைக் கூடுதல் காசு தருபவருக்கு மட்டும் கொடுப்பது என்ன நியாயம்?

நம் பிள்ளைகளும் வேலைக்காகவும் படிப்புக்காகவும் நகரத்து விடுதிகளில்தான் இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் மதுரையில், ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துப் பிடித்த தீயில் உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டோம். விடுதியில் சேர்க்கும்போது சாப்பாடு எப்படி, வைஃபை உண்டா என்று கேட்கிறோம். கூடவே இவற்றையும் கேளுங்கள்: இறங்க இரண்டாவது வழி இருக்கிறதா? இரவில் வாசல் கதவைப் பூட்டினால் சாவி யாரிடம்? ஜன்னலில் கம்பி பதித்திருந்தால், அவசரத்துக்குத் திறக்க முடியுமா?

கேட்டால் விடுதிக்காரர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. அட்வான்ஸைக் கையில் கொடுப்பதற்கு முன், ஒருமுறை அந்தப் படியில் நீங்களே இறங்கிப் பார்த்துவிடுங்கள்.