ஒரே ஈற்றில் இரண்டு நாய்க்குட்டிகள் வேண்டாம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையம் தொடங்கி மலைமேல் வெள்ளிமலை வரை, கொல்லையில் குடியிருக்கும் சிறு விவசாயிக்கு நாய் இல்லாமல் முடியாது. மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் காட்டுப்பன்றி. பட்டியில் அடைத்த ஆட்டுக்குத் திருடன். ஆகவே எங்காவது நாய் குட்டி போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டால் கேட்டுப் போகிறார்கள். "ஒன்று என்றால் கத்தும், இரண்டாகக் கொண்டுபோங்கள், ஒன்றுக்கொன்று துணை" என்று கொடுப்பவர் சொல்ல, வாங்குபவரும் இரண்டையும் கூடையில் போட்டுக்கொண்டு வருகிறார். இந்த வழக்கத்தைக் கைவிடுவதே நல்லது.

துணை என்பது மெய்தான். தனிக் குட்டி முதல் நாலைந்து இரவுகள் கத்தும், வீட்டில் தூக்கம் கெடும். ஆனால் இரண்டாக வளரும் குட்டிகளுக்கு விளையாட்டும் உறக்கமும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், வீட்டுக்காரர் குரலுக்குக் காது கொடுக்கும் பழக்கம் வருவதில்லை. ஒன்றைக் கட்டினால் மற்றது ஓலமிடும். இரண்டும் பெட்டையானால், வளர்ந்தபின் சோற்றுத் தட்டில் தொடங்கும் சண்டை ரத்தக் காயத்தில் முடிவதுண்டு. ஆணும் பெட்டையுமானால், பெட்டை ஆறு மாதத்துக்குமேல் எப்போது வேண்டுமானாலும் பருவத்துக்கு வரும். கூடப்பிறந்தது என்று நாய் பார்க்காது.

பெரிய நஷ்டம் ஆட்டில்தான். ஒற்றை நாய் ஓர் அதட்டலுக்கு அடங்கும். இரண்டு சேர்ந்தால் துணிவு வந்துவிடுகிறது. ஒன்று துரத்த, மற்றது மடக்கும். விளையாட்டாகத் தொடங்கியது ஆட்டுக்குட்டியின் கழுத்தில் போய் நிற்கும். ருசி கண்ட நாயைத் திருத்துவது அரிது. அது பக்கத்துக் கொல்லைக்காரர் ஆடாக இருந்துவிட்டால் பஞ்சாயத்தும் பகையும் மிச்சம். மலையில் இரண்டும் முயலைத் துரத்திக் காட்டுக்குள் போனால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாய்க்காரர்தான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் அடக்கம்.

அந்தக் காலத்தில் நாலைந்து நாய்கள் ஒன்றாகத்தானே வளர்ந்தன என்று பெரியவர்கள் கேட்கலாம். வளர்ந்தன, ஆனால் அவற்றில் ஒரு கிழ நாய் இருந்தது. ஆட்டிடம் எப்படி நடக்க வேண்டும் என்பதைக் குட்டி அதனிடம் கற்றுக்கொண்டது. ஆகவே இரண்டு நாய் வேண்டுவோர் முதலில் ஒன்றை வளர்த்து, அதற்கு இரண்டு வயதானபின் அடுத்ததைக் கொண்டுவரலாம். எட்டு வாரம் நிறையாத குட்டியை எடுக்கக் கூடாது. கடியை அடக்கக் குட்டி பழகுவது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான். அதுவரை அந்தக் கூட்டு அவசியம்.

ஏற்கெனவே இரண்டைக் கொண்டுவந்துவிட்டவர்கள் தட்டையும் படுக்கும் இடத்தையும் இன்றே பிரிக்க வேண்டும். ஒன்றை ஆட்டுப்பட்டியிலும் மற்றதைக் களத்திலும் கட்டி, தினமும் தனித்தனியாகக் கொல்லைக்கு அழைத்துப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்க வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் இரண்டுக்குமே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். இத்தனைக்கும் நேரமில்லாதவர்கள் ஒன்றை நாலு கொல்லை தள்ளி, நல்ல கைக்குக் கொடுத்துவிடலாம்.