காணி வழக்குக்குத் தரப்பட்ட இரண்டு ஆண்டுகள்: வன்னிக்குக் கிடைத்தது என்ன?

இலங்கையின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டுக்குரியது. இன்னொருவரின் தனியார் காணியை, அவருடைய உரிமையை ஏற்காமல், பத்து ஆண்டுகள் தடையின்றித் தொடர்ந்து ஆண்டு வந்த ஒருவர் அதைத் தனக்கே உரியதாகத் தீர்ப்பளிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம். உறுதி கையில் இருந்தாலும், அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் வழக்குப் போடாத உரிமையாளர் காணியை இழக்கலாம்.

அமைதியான காலத்தில் இந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு. தன் காணியைத் திரும்பியும் பார்க்காதவர் என்றைக்கோ ஒருநாள் வந்து உரிமை கோருவதை அது தடுக்கிறது. ஆனால் வன்னி மக்கள் காணியைப் பார்க்காமல் இருந்தது அவர்களின் அலட்சியத்தால் அல்ல. 1996 செப்டெம்பரில் இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றியபோது நகரம் முழுதும் வெளியேறியது. 1998இல் புலிகள் அதை மீட்டனர். 2009 ஜனவரியில் அது மீண்டும் இராணுவத்திடம் வீழ்ந்தது. அதன்பின் முள்ளிவாய்க்கால், அதன்பின் செட்டிகுளம் முகாம்கள். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. இந்த அலைச்சலில் உறுதியைத் தொலைத்தவர்கள், வழக்குப் பேச நீதிமன்றம் இல்லாத இடத்தில் இருந்தவர்கள் ஆகிய அனைவருக்கும் பத்து ஆண்டுக் கணக்கு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய சட்டத்தில் விதிவிலக்குகள் உள்ளன. உரிமை பறிபோன வேளையில் உரிமையாளர் சிறுவராகவோ, மனநலம் குன்றியவராகவோ, கடல்கடந்த நாட்டிலோ இருந்தால் கணக்கு அவருக்கு எதிராக ஓடாது. அதற்கும் முப்பது ஆண்டுகள் என்ற எல்லை உண்டு. உள்நாட்டில் இடம்பெயர்ந்தவருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

2016இல் வந்த சட்டம்

இந்தக் குறையை நிரப்பவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. அது 2016 ஏப்ரல் 26இல் சான்றுப்படுத்தப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதமேந்திய பயங்கரவாதக் குழுவொன்றின் நடவடிக்கைகளால் தமது அசையாச் சொத்துக்காக நீதிமன்றம் செல்ல முடியாமல் போனவர்கள், காலம் கடந்துவிட்டது என்ற தடையின்றி வழக்குத் தொடரலாம் என்றது அச்சட்டம். இதற்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு ஆண்டுகள்.

இதனால் பயன்பெறக்கூடியவர்கள் உண்மையிலேயே இருந்தனர். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் அவர்களில் முதன்மையானவர்கள். முல்லைத்தீவு முஸ்லிம்களும் அதில் அடங்குவர். அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு இச்சட்டம் ஒரு வழியைத் திறந்தது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வன்னியின் காணிப் பிரச்சினையை இச்சட்டம் மூன்று இடங்களில் தவறவிட்டது.

முதலாவது, காரணம். இராணுவ நடவடிக்கையாலோ எறிகணை வீச்சாலோ இடம்பெயர்ந்தவரைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசம்பரில் வெளியேறியது இராணுவத்தின் உத்தரவால். இப்படிப்பட்டவர் இச்சட்டத்தின் கீழ் வழக்குப் போட, தான் நீதிமன்றம் செல்ல முடியாததற்கு ஒரு ஆயுதக் குழுவே காரணம் என்று சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, காணியின் வகை. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் உள்ள காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த அரச காணிகள். அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை கோர முடியாது. ஆகவே அனுமதிப்பத்திரக் காணிப் பிணக்கு இச்சட்டத்துக்குள் வராது. மணலாற்றில் தமிழர் செய்த வயல்கள் 1988இல் மகாவலி 'எல்' வலயத்துக்குள் சென்றதும், கேப்பாப்புலவு மக்கள் தம் காணிக்கு வெளியே சீனியாமோட்டையில் குடியேற்றப்பட்டதும் அரசு செய்த வேலைகள். அவற்றுக்கு இந்தச் சட்டத்தில் மருந்து இல்லை.

மூன்றாவது, அவகாசம். 26 ஆண்டு இழப்புக்கு இரண்டு ஆண்டுகள். போர் முடிந்து ஏழு ஆண்டுகளின்பின் வந்த கதவு, அந்தக் கணக்கின்படி 2018 ஏப்ரலில் மூடியது. கணவனை இழந்து, கூரை போடவே கடன்பட்ட ஒரு பெண், உறுதியின் பிரதி தேடி, நில அளவை செய்து, சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுத்து வழக்குப் போட அது போதுமான காலமா?

கொரோனா காலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். 2020 மார்ச்சில் நாடு முடங்கியது. 2021 ஓகஸ்டிலேயே 17ஆம் இலக்கச் சட்டம் வந்து, நோய்ச் சூழலால் உரிய காலத்தில் சட்டக் கடமைகளைச் செய்ய முடியாதவர்களுக்கு நிவாரணம் தந்தது. காணி வழக்கு மட்டும்தான் என்று அது சுருக்கவில்லை.

இன்று கவனிக்க வேண்டியவை

சாதாரண சட்டத்துக்குள்ளும் சில பாதுகாப்புகள் உண்டு. காணியில் இருப்பவர் குத்தகையோ விளைச்சலில் பங்கோ தந்தால், அல்லது 'பார்த்துக்கொள்ள வந்தேன்' என்று ஏற்றால், அவரது ஆட்சி உரிமையாளருக்கு எதிரானது ஆகாது. அதை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. சகோதரர்களுக்குப் பொதுவான காணியில் ஒருவர் மட்டும் இருந்தால், அவரது ஆட்சி எல்லோருக்குமான ஆட்சியாகவே முதலில் கருதப்படும். 1911இல் பிரிவிக் கவுன்சில் சொன்ன இத்தீர்ப்பு, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு முக்கியமானது. ஆனால் மற்றவர்களை அவர் வெளிப்படையாக ஒதுக்கிய நாளிலிருந்து பத்து ஆண்டுக் கணக்கு தொடங்கலாம்.

பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு இன்னும் குறுகிய கெடு உள்ளது. 1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் ஆட்சியை மீளப்பெற, வெளியேற்றம் நடந்து இரண்டு மாதங்களுக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் இந்தக் கெடு நிற்காது.

இனி ஒரு சட்டம் வருமானால், இடம்பெயர வைத்தது யார் என்று கேட்காமல், நீதிமன்றம் செல்ல முடிந்ததா என்று மட்டும் கேட்க வேண்டும். அனுமதிப்பத்திரக் காணிகளையும் அது தொட வேண்டும். நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் காணி விடுவிப்புப் பற்றிப் பேசும்போது, இந்த இரண்டையும் சட்டத் திருத்தமாகவே கேட்க வேண்டும்.