மூடிய பிறகு அழுது என்ன பயன்?

கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் மூடப்பட்டபோது சென்னையில் வருந்தாதவர் குறைவு. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. பூங்கா நல்லதுதான். ஆனால் காருக்கே வந்த அந்தக் காபி போனது போனதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், திறந்திருக்கும்போதே போய்ச் சாப்பிடுங்கள்.

திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948-இல் தொடங்கியது. இன்றும் இட்லி அங்கே சாம்பாரில் மிதந்துதான் வரும். மவுண்ட் ரோடு புகாரி 1951-இலிருந்து நடக்கிறது. சிக்கன் 65 அங்கேதான் 1965-இல் பிறந்தது என்பார்கள். மயிலாப்பூர் ராயர் மெஸ் இன்னும் பழையது. சந்துக்குள் சின்ன இடம். காலையில் இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. காத்திருந்துதான் உட்கார வேண்டும்.

நாற்பது வகை தோசை போடும் கடை இன்று தெருவுக்குத் தெரு உண்டு. நாலே பண்டத்தைத் தினமும் ஒரே பக்குவத்தில் கொடுப்பது அதைவிடக் கஷ்டம். ஒரே வாய்ப்பாட்டை வருஷா வருஷம் அலுக்காமல் சொல்லிக் கொடுத்தவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"முன்னைப் போல ருசி இல்லை" என்பவர்களே, நம் நாக்குக்கும் வயதாகிவிட்டது! பேரப்பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அவர்கள் நாக்கு சரியாகச் சொல்லும்.

பழைய கடையைப் பற்றி நாம் எவ்வளவு உருகினாலும், அந்த உருக்கம் கல்லாவில் விழாது.