பட்டாம்பூச்சி கடிக்காது, தேய்க்கிற நம்ம கைதான் கெடுக்குது

1/ "டாக்டர், பிள்ளையைப் பட்டாம்பூச்சி கடிச்சிருச்சு, தடிச்சுப் போச்சு." இதுல தடிப்பு மட்டும்தான் உண்மை. மீதி வீண்பழி.

2/ கடிக்கத் தாடை வேணும், கொட்டக் கொடுக்கு வேணும். பட்டாம்பூச்சிக்கு ரெண்டுமே கிடையாது. இருக்கிறது சுருட்டி வெச்ச ஒரு உறிஞ்சுகுழல். உங்க கையில உக்காந்தாலும் அது தேடுறது வியர்வையில இருக்கிற உப்பை. தோலைத் துளைக்காது.

3/ "இறக்கைத் தூள் பட்டா கண்ணு போயிரும்"னு பிள்ளைங்களை மிரட்டாதீங்க. அது நுண்ணிய செதில்கள். கண்ணுல விழுந்தா தூசி மாதிரி உறுத்தும், கழுவினா போயிடும்.

4/ "எருக்கு தின்னு வளர்றது விஷம்தானே?" வெந்தய வரியனோட புழு எருக்கோட நஞ்சைச் சேர்த்து வெச்சுக்கும், சரிதான். அது தன்னைத் தின்ன வர்ற பறவைக்கு. தொட்டுப் பாக்குற பிள்ளைக்கு இல்லை.

5/ அப்போ தடிப்பு? முதல்ல சந்தேகப்பட வேண்டியது கம்பளிப்பூச்சியை. முருங்கை மரத்துல கொத்துக் கொத்தா அப்பியிருக்குமே, அது அந்துப்பூச்சியோட புழு. அதுவும் கடிக்கிறதில்லை. அதோட ரோமம் தோல்ல குத்தி நிக்குது. காயப்போட்ட துணியில ஒட்டிக்கிட்டும் வரும்.

6/ இதுக்கு நாம பண்ற வைத்தியம் என்ன? விபூதி, பச்சிலை, சாணம்னு கைக்குக் கிடைச்சதை வெச்சு அழுத்தித் தேய்க்கிறது! மேலோட்டமா நிக்கிற ரோமத்தை உள்ளே இறக்குறதே அந்தத் தேய்ப்புதான். "எங்க பாட்டி காலத்துல இருந்து பண்றோம்"னு சொல்லாதீங்க. பாட்டி காலத்துலயும் ரோமம் உள்ளேதான் போச்சு.

7/ செய்ய வேண்டியது: துணியை மாத்துங்க. செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்க, ஒவ்வொரு தடவையும் புது டேப். அப்புறம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவுங்க. துணியில சுத்தின ஐஸ் ஒத்தடம் கொடுங்க. சொறியக் கூடாது.

8/ கண்ணுல பட்டா கசக்கவே கூடாது. ரோமம் கருவிழியில ஏறி உள்ளேயும் போகலாம். தண்ணி விட்டுக் கழுவிட்டு அன்னிக்கே கண் டாக்டரைப் பாருங்க. மூச்சுத் திணறல், உதடு வீக்கம், மயக்கம் வந்தா உடனே 108.

9/ 2019-ல தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியா அறிவிச்ச ஊரு இது. இங்கேயே பட்டாம்பூச்சிக்குப் பயந்து, பிள்ளை விளையாடுற வாசல்ல பூச்சிமருந்து அடிக்கிறோம். பிள்ளைக்கு நிஜமாவே ஆபத்து அந்த மருந்துதான். டப்பாவைக் கீழே வைங்க.