வாஷிங்டனின் மாளிகை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகருக்குத் தெற்கே ஏறக்குறைய 15 மைல் தூரத்தில், விர்ஜீனியா மாகாணத்தில், பொடோமாக் நதியை நோக்கிய மேட்டின்மீது ஒரு வெள்ளை மாளிகை நிற்கிறது. அதன் பெயர் மவுண்ட் வெர்னன். ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போர் நடத்தி வென்ற ஜெனரல் ஜார்ஜ் வாஷிங்டன் நாற்பதாண்டுகளுக்கு மேல் தமது இல்லமாகக் கொண்டிருந்தது இதுவே. 1799-ஆம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி அவர் உயிர் நீத்ததும், அடக்கம் செய்யப்பெற்றதும் இங்கேதான். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் இதனைத் தரிசித்துச் செல்கின்றனர்.

இம்மாளிகையைப் பற்றி இருவகை அபிப்பிராயங்கள் உள்ளன. ஒரு தேசத்தின் தந்தை வாழ்ந்த வீட்டில் அவருடைய பெருமையை மட்டுமே பேசவேண்டும்; அங்கே உழைத்த அடிமைகளின் கதையை எடுப்பது அவர் நினைவுக்கு இழுக்கு என்பர் ஒரு சாரார். அடிமைகளை வைத்திருந்தவன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசியதே பாசாங்கு. அவன் வீட்டுக்கு மரியாதை எதற்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் சரியல்ல என்பது நமது கருத்து. ஏன் என்பதை அவ்வீட்டின் சரித்திரத்தைக் கொண்டே சொல்ல விரும்புகிறோம்.

அந்நிலம் 1674-இல் வாஷிங்டனின் கொள்ளுப் பாட்டனாராகிய ஜான் வாஷிங்டனுக்கும் நிக்கொலாஸ் ஸ்பென்ஸர் என்பாருக்கும் பட்டயமாக வழங்கப்பெற்றது. அதற்கு முன்னமே அந்நதி தீரத்தில் செவ்விந்தியக் குடிகள் வாழ்ந்திருந்தனர். அவர்களைக் கேட்டுப் பட்டயம் எழுதப்படவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1734-இல் தந்தையார் அகஸ்டின் வாஷிங்டன் அங்கே ஒரு சிறு வீடு கட்டினார். மூத்த சகோதரர் லாரென்ஸ் அதனைப் பெற்று, தாம் யாருடைய தலைமையில் கார்ட்டஹீனா யுத்தத்திற்குச் சென்றாரோ அந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் வெர்னன் பெயரையே அதற்கு இட்டார். ஆங்கில ஆட்சியை முறியடித்தவரின் வீடு இன்றளவும் ஓர் ஆங்கிலத் தளபதியின் பெயரைத் தாங்கி நிற்பது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று. லாரென்ஸ் 1752-இல் காலமானார். 1754 முதல் ஜார்ஜ் அவ்விடத்தைக் குத்தகையாக அநுபவித்து, 1761-இல் முழு உரிமை பெற்றார்.

தந்தையார் கட்டிய சிறு வீட்டை அவர் இடித்துவிடவில்லை, அதன்மேலேயே வளர்த்தார். 1758-ஐ ஒட்டி மேல்மாடி எழுப்பினார். 1774-இல் தொடங்கி இரு பக்கங்களிலும் கூடங்களைச் சேர்த்தார். யுத்தத்திற்காக அவர் வீட்டைவிட்டு நீங்கியிருந்த எட்டாண்டுகளில், உறவினர் லண்ட் வாஷிங்டன் கடிதங்களில் வந்த உத்தரவுப்படி வேலையை நடத்தினார். தொழில்முறைச் சிற்பி எவரும் அமர்த்தப்படவில்லை. ஆங்கிலக் கட்டடச் சித்திர நூல்களைப் பார்த்துத் தாமே திட்டமிட்ட வாஷிங்டனின் விருப்பங்களுக்கு ஏற்பவே மாளிகை உருவாயிற்று. ஆகையால் முன்வாசலின் ஜன்னல்கள் சரிசமமாக அமையவில்லை. கூர்ந்து நோக்குவோர் இதனை உடனே காண்பர்.

வெளிச்சுவரைத் தூரத்திலிருந்து பார்ப்போர் கற்சுவர் என்றே நினைப்பர். வாஸ்தவத்தில் அது பைன் மரப்பலகை. பலகைகளின் ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கிக் கல் அடுக்கியதுபோல் காட்டி, ஈரச் சாயத்தின்மீது மணலைத் தூவிச் சொரசொரப்பு ஏற்றினர். நதியை நோக்கிய பக்கத்தில், வீட்டின் முழு நீளத்திற்கும், இரண்டு மாடி உயரத்தில், சதுரத் தூண்களுடன் கூடிய திறந்த தாழ்வாரம் இருக்கிறது. பிற்காலத்தில் அமெரிக்கா எங்கும் இதைப் பின்பற்றிக் கட்டிய வீடுகள் அநேகம். இருபுறமும் வளைந்த தூண்வரிசைகள் சமையற்கட்டையும் வேலைக்காரர் கூடத்தையும் மாளிகையோடு இணைக்கின்றன. கூரையின் மேலுள்ள சிறு கோபுரத்தில், 1787-இல் பிலடெல்பியாவிலிருந்து வருவித்த காற்றுக்காட்டி ஒன்று நாட்டப்பட்டது. அது சமாதானப் புறாவின் வடிவில் செய்யப்பட்டது.

இம்மாளிகை ஒரு பிரபுவின் வாசஸ்தலமாக மட்டும் இருந்ததில்லை. 1785 மார்ச்சில் விர்ஜீனியா, மேரிலாந்து என்னும் இரு மாகாணங்களின் பிரதிநிதிகள் இங்கே கூடிப் பொடோமாக் நதியில் கப்பல் செலுத்தும் உரிமை பற்றி ஓர் உடன்பாடு செய்தனர். அதிலிருந்து 1786-இல் அன்னாபொலிஸ் மகாநாடும், 1787-இல் அரசியல் சட்டத்தை வகுத்த பிலடெல்பியா மகாநாடும் கிளைத்தன. 1789 ஏப்ரல் 14-ந் தேதி, முதல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வாஷிங்டனை எட்டியதும் இங்கேதான். 1790-இல் லாபயெட் பிரபு, பாரிஸ் ஜனங்கள் தகர்த்த பாஸ்டில் சிறையின் சாவியை அவருக்குக் காணிக்கையாக அனுப்பினார். அச்சாவியை இன்றும் அம்மாளிகையின் நடுக்கூடத்தில் காணலாம்.

ஒரு கொடுஞ்சிறையின் சாவி சுவரில் விளங்கிய அந்த வீட்டின் பின்புறத்தில் யார் இருந்தனர் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

வாஷிங்டன் காலத்தில் அந்த எஸ்டேட்டின் பரப்பு ஏறக்குறைய 8,000 ஏக்கர். அது ஐந்து பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. புகையிலை நிலத்தின் சாரத்தைக் குடிப்பதையும், லண்டன் வியாபாரிகளிடம் கடன் ஏறுவதையும் கண்ட அவர் 1760-களிலேயே கோதுமைக்கு மாறினார். மாவு யந்திரம் வைத்தார். பதினாறு பக்கங்களுள்ள களஞ்சியம் கட்டிக் குதிரைகளை ஓடவிட்டுக் கதிரடித்தார். நதியில் வலை வீசி ஹெர்ரிங் மீனை ஏராளமாகப் பிடித்து உப்பிட்டு விற்றார். 1797-இல் சாராய வடிசாலை நிறுவினார். 1799-இல் அது சுமார் 11,000 காலன் சாராயம் வடித்தது. விவசாயத்தில் அவர் காட்டிய ஊக்கமும் கணக்கும் எவரும் மெச்சத்தக்கவை. ஆனால் உழுதவர், அறுத்தவர், வலை இழுத்தவர், செங்கல் அடுக்கியவர், பலகை இழைத்தவர் பெரும்பாலும் அடிமைகளே. சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை வாரத்தில் ஆறு நாள் உழைப்பு. உணவு சோளமாவும் உப்பு மீனும். கணவன் ஒரு பண்ணையிலும் மனைவி மற்றொரு பண்ணையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல.

1799-இல் வாஷிங்டன் தம் கைப்படவே அவர்களின் ஜாபிதாவை எழுதினார். மொத்தம் 317 பேர். அவர்களில் 123 பேர் வாஷிங்டனின் சொந்தச் சொத்து. 153 பேர் மனைவி மார்த்தாவின் முதற்கணவர் கஸ்டிஸ் குடும்பத்தைச் சார்ந்தவர்கள். ஏறக்குறைய 40 பேர் அயலாரிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். மனிதர்களை வாடகைக்கு எடுப்பது என்ற சொற்றொடரே நம் செவிக்கு நாராசமாக இருக்கிறது. அந்நாட்டுச் சட்டத்தில் அது சர்வ சாதாரணம்.

அவர் அக்காலத்து மனிதர். அக்காலத்து வழக்கப்படி நடந்தார் என்று வாதிப்போர் உண்டு. இந்த வாதத்தைச் சற்று ஆராய்வோம். பெனிசில்வேனியா மாகாணம் 1780-இலேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்தது. லாபயெட் 1783-இல், அடிமைகளை விடுவித்துக் குடியானவர்களாக வைத்துப் பயிரிடும் பரீட்சையை இருவரும் சேர்ந்து நடத்தலாம் என்று வாஷிங்டனுக்கே எழுதினார். வாஷிங்டன் அதனைப் பாராட்டினார், ஆனால் செய்யவில்லை. விர்ஜீனியாவிலேயே 1782-இல் செய்த சட்டத்தின்படி, எஜமானன் விரும்பினால் ஸர்க்காரின் தனி அநுமதியின்றித் தன் அடிமைகளை விடுவிக்கலாம். ஆகவே தம் சொந்த அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் பதினேழு வருஷகாலம் அவர் கையில் இருந்தது. காலம் அவரைக் கட்டிப்போட்டது என்ற வாதம் இங்கே நில்லாது.

இன்னொன்றும் கூறவேண்டும். அவர் ஜனாதிபதியாகப் பிலடெல்பியாவில் இருந்தபோது, பெனிசில்வேனியாச் சட்டப்படி, வேற்று மாகாணத்தார் கொண்டுவரும் அடிமைகள் தொடர்ந்து ஆறு மாதம் தங்கினால் விடுதலை கோரலாம். இந்த உரிமை பலிக்காதபடி, தவணை முடியுமுன் அவர்களை வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். இந்த உபாயத்தைத் தடுக்கும் திருத்தம் 1788-இலேயே சட்டத்தில் ஏறியிருந்தும் இவ்வாறு செய்தார். 1796-இல் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அவ்வில்லத்திலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் சென்றார். அவரைத் திரும்பப் பிடிக்க வாஷிங்டன் ஆட்களைக் கொண்டு முயன்றும் பலிக்கவில்லை. அம்மாது 1848-இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் ஓடிப்போன அடிமையே. வறுமையில் வாழ்ந்தும், தப்பியதற்காக வருந்தவில்லை என்றே முதுமையில் தம்மை வினவியோருக்குக் கூறினார். விடுதலையின் மதிப்பைப் பற்றி இதனினும் தெளிவான சாட்சியம் வேறு வேண்டுமோ?

இவையெல்லாம் உண்மையே. இத்துடன் நிறுத்திக்கொண்டாலும் அநீதியாகும். 1799 ஜூலையில் வாஷிங்டன் எழுதிய உயிலில், தமக்குச் சொந்தமான அடிமைகள் அனைவரும் மனைவியின் ஆயுளுக்குப்பின் விடுதலையடைய வேண்டும்; முதியோரையும் நோயாளிகளையும் தம் சொத்திலிருந்து காக்கவேண்டும்; பெற்றோரற்ற சிறுவர்க்கு எழுத்தும் தொழிலும் கற்பிக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். யுத்தகாலம் முழுவதும் உடனிருந்த வில்லியம் லீ என்பாருக்கு உடனே விடுதலையும், வருஷம் 30 டாலர் உபகாரச் சம்பளமும் அளித்தார். மார்த்தா அம்மையார் காத்திராமல் 1801 ஜனவரி முதல் தேதியிலேயே விடுதலையை அமுலுக்குக் கொண்டுவந்தார். சுதந்திரப் பிரகடனத்தை இயற்றிய ஜெபர்ஸன் வெகு சிலரையே விடுவித்தார். அரசியல் சட்டத்தை வகுத்தவர் எனப் புகழ்பெற்ற மாடிசனோ உயிலில் ஒருவரையும் விடுவிக்கவில்லை. இவர்களோடு ஒப்பிட, வாஷிங்டன் தம் மனச்சாட்சியின் குரலுக்குக் கடைசியிலாவது செவி சாய்த்தார்.

ஆயினும் கடைசியில் செய்த நன்மை எவ்வளவு குறைவுபட்டது என்பதையும் சட்டமறிந்தோர் காண்பர். கஸ்டிஸ் உயில் எழுதாமல் இறந்தமையால், அவருடைய அடிமைகளில் மூன்றில் ஒரு பங்கில் விதவைக்கு ஜீவபரியந்த அநுபோகம் மட்டுமே உண்டு. மிச்ச உரிமை கஸ்டிஸ் வாரிசுகளுடையது. அவர்களை விடுவிக்க வாஷிங்டனுக்கோ மார்த்தாவுக்கோ அதிகாரமில்லை. நாற்பது வருஷத்தில் இவ்விரு வகுப்பாரும் தம்முள் மணம் புரிந்துகொண்டிருந்தனர். குழந்தைகள் தாயின் நிலையையே அடையும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதன் பயனாக, தகப்பன் விடுதலை பெற, தாயும் மக்களும் அடிமைகளாகவே நின்றனர். 1802-இல் மார்த்தா இறந்ததும் பேரப்பிள்ளைகளுக்குள் பங்கிடப்பட்டனர். தாமதித்த நீதியின் பலன் இதுவே. காலத்தில் முயன்றிருந்தால், வாரிசுகளிடம் அவர்களை விலை கொடுத்து வாங்கியாவது குடும்பங்களைச் சேர்த்து விடுவித்திருக்கலாம்.

மாளிகை பிற்காலத்தில் சிதைந்தது. தேசிய ஸர்க்காரும் விர்ஜீனியா ஸர்க்காரும் அதனை வாங்க முன்வரவில்லை. 1853-இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஆன் பமேலா கன்னிங்ஹாம் என்னும் மாது ஸ்திரீகளைத் திரட்டி ஒரு சங்கம் கண்டார். அச்சங்கம் ஊர் ஊராக நிதி திரட்டி 1858-இல் 2,00,000 டாலருக்கு அதனை வாங்கியது. ஆண்களுக்கே வோட்டு இருந்த காலத்தில், வோட்டில்லாத பெண்கள் தேசத்தின் சொத்தைக் காத்தனர். இன்றும் ஸர்க்கார் பணத்தை நாடாமல் அந்தச் சங்கமே அதனை நடத்துகிறது. எதிர்க்கரையின் காட்சி கெடாதிருக்க 1961-இல் பிஸ்காட்டவே தோட்டம் ஏற்பட்டதும் இம்முயற்சியின் தொடர்ச்சியே. மாளிகையின் ஒவ்வொரு பலகையையும் காத்த அச்சங்கத்தார், அடிமைகளின் இடுகாட்டில் ஒரு சிறு கல் நாட்டியது 1929-இல்தான். ஹோவார்டு சர்வகலாசாலை மாணவர்கள் அமைத்த நினைவுச்சின்னம் 1983-இல் எழுந்தது. அப்புதைகுழிகளின்மேல் பெயர் பொறித்த கற்கள் கிடையா.

தலைவரைத் தெய்வமாக்கி அவர் குறையை மறைப்பது பக்தியன்று, பின்வருவோரை ஏமாற்றுவதே. குறை கண்டவுடன் தலைவரைத் தூக்கியெறிவதும் நீதியன்று. அவர் செய்த தொண்டின் பயனை அநுபவித்துக்கொண்டே அவரை மறுப்பதாகும். மாளிகையின் முன்வாசலையும் அடிமைக் குடிசையையும் ஒரே நாளில், ஒரே ஜனங்களுக்குக் காட்டவேண்டும். உயிலையும், 317 பெயர்கள் கொண்ட ஜாபிதாவையும் அருகருகே வைக்கவேண்டும். அதுவே சரித்திரத்திற்கும் இறந்தோருக்கும் செய்யும் மரியாதை.

பொதுத் தொண்டில் இறங்கியுள்ள நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தேசத்தின் விடுதலைக்காக மேடையில் பேசுவது எளிது. தன் வீட்டில், தன் வயலில், தனக்கு ஊழியம் செய்வோரிடம் அதே விடுதலையை நடத்திக் காட்டுவது அரிது. வாஷிங்டன் போன்ற உறுதி படைத்தவருக்கே அது உயிலில்தான் கைகூடியது. செய்யவேண்டிய நீதியை உயிலுக்கு ஒத்திவைப்போர் அதனால் பிரிந்துபோகும் குடும்பங்களைக் கண்ணால் காண்பதில்லை. ஆயுளோடு இருக்கும்போதே அதனைச் செய்துவிடுவதே உத்தமம்.