ஏழு கோர் சும்மா இருக்கிறது

நெட்வொர்க் இழுக்கிறது என்றதும் முதலில் கேபிளை மாற்றுகிறோம், பிறகு சுவிட்சை, கடைசியில் இணையச் சேவைக்காரரோடு சண்டை. சிபியு மேல் சந்தேகம் வருவதே இல்லை. கண்காணிப்புத் திரை 12.5 சதவீதம்தான் காட்டுகிறதே! எட்டு கோர் சர்வரில் ஒரே ஒரு கோர் நூறு சதவீதம் ஓடி மற்ற ஏழும் சும்மா இருந்தாலும் சராசரி அதே 12.5தான். பாக்கெட் வந்திருப்பதைச் சொல்ல நெட்வொர்க் கார்டு இன்டரப்ட் எழுப்புகிறது. எல்லா இன்டரப்டும் ஒரே கோருக்குப் போனால் அது திணறும், பாக்கெட்டுகள் தவறும். லினக்ஸில் ‘டாப்’ கட்டளையை ஓட்டி 1ஐ அழுத்திப் பாருங்கள், கோர் வாரியாக விரியும். ஒரு வரியில் மட்டும், இன்டரப்டைத் தொடரும் மென்பொருள் வேலைக்குப் போகும் நேரத்தைக் காட்டும் ‘எஸ்ஐ’ நூறை நெருங்கினால் கோளாறு அங்கேதான். பாக்கெட்டுகளுக்குப் பல வரிசை (க்யூ) கொண்ட கார்டு என்றால் இன்டரப்டுகளைக் கோர்களுக்குப் பிரித்துவிடலாம். ஒரே வரிசைதான் என்றால், பாக்கெட் வேலையை மென்பொருளாலேயே கோர்களுக்குப் பிரிக்கும் ‘ஆர்பிஎஸ்’ இருக்கிறது, 2010இல் லினக்ஸ் 2.6.35இல் வந்தது. ஆனால் ஒரே இணைப்பின் பாக்கெட்டுகளைக் கண்டபடி பல கோர்களுக்குச் சிதறவிடக் கூடாது. பாக்கெட்டுகளின் முன்பின் ஒழுங்கு குலைந்தால், பாக்கெட் தொலைந்துவிட்டது என்று டிசிபி எண்ணி மறுபடி அனுப்பும், வேகம் இன்னும் படுக்கும். ‘ஆர்பிஎஸ்’ ஒரு இணைப்பை ஒரே கோரிடம் விடுவது இதற்காகத்தான். பல நிறுவனங்கள் எந்தக் கோர் திணறுகிறது என்று பார்க்காமலே புது சர்வருக்குப் பணம் கட்டுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நிர்வாகிகளே, கொள்முதல் தாளில் கையெழுத்திடும் முன் கோர் வாரியான கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.